காலில் வளையம் போட்ட குருவி

பயறுப் பந்தலில் கிளி கொத்தாமல் இருக்கக் கட்டின வலையில் இன்று காலை ஒரு சின்னக் குருவி சிக்கிக் கிடந்தது. கழுத்தில் நூல் இறுகியிருந்தது. காலில் எண் பொறித்த வளையம்.

பக்கத்து வீட்டு ரோஸ்லி அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாங்க. "தொடாதே மக்கா. யாரோ கூடோத்திரம், செய்வினை செய்து விட்டதாக்கும். வலையோட தீயில போடு."

"கூடோத்திரத்துக்கு நம்பர் எதுக்கு அக்கா?"

"இப்ப எல்லாத்துக்கும் நம்பர் உண்டு."

என் வீட்டுக்காரர் குறடோடு வந்தார். "வளையத்த வெட்டட்டா? பாவம், கால் நோவுமே."

"வேண்டாம். குருவி எங்கெல்லாம் போகுதுன்னு அறிய ஆராய்ச்சிக்காரங்க போட்டது. அத எடுத்தா அவங்க பாடெல்லாம் வீணாப் போகும்."

கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே தையல் கத்தரியால் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். கழுத்து நூலுக்கு அடியில் கத்தரி நுழையவில்லை. குருவி கண்ணை மூடிவிட்டது. ஊசியால் நூலை மெல்லத் தூக்கி வெட்டினேன்.

உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது. வீட்டுக்காரர் வளையத்து எண்ணைப் படம் எடுக்கும்போது கண் திறந்து, விருட்டென்று பறந்து, ரோஸ்லி அக்கா வீட்டு ஓட்டில் போய் உட்கார்ந்தது.

எண்ணை ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்பியாச்சு. அக்கா இன்னும் சன்னல் திறக்கவில்லை.

பாறசாலைப் பக்கம் யார் வீட்டுக்காவது அது வந்தால் வளையத்தைக் கழற்றாதீங்க, எண்ணை மட்டும் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்க. அக்காவுக்கு நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்.