பாறை திருப்பித் தட்டியது

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தனக்கோடிக்குப் பெரிய பேனர். காதுகுத்துக்கே பேனர் வைக்கிற ஊர், உயிரைப் பணயம் வைத்தவனுக்கு வைக்காமல் இருக்குமா? அதில் கடலோரக் காவல்படைச் சீருடையில், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். லீவில் வூடு வந்து சேர்ந்தவனோ ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

ஊரின் செராமிக் தொழிற்பேட்டையில் வளர்ந்த பிள்ளை. அம்மா கமலம் அங்கே அகல்விளக்கு பேக்கிங் செய்கிறவள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிக் காது கொடுப்பாள். கணீரென்றால் பெட்டிக்கு, மொத்தென்றால் குப்பைக்கு. ஸ்கூல் விட்டு வந்து அவள் பக்கத்திலேயே கிடந்தவனுக்கும், எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிற வியாதி ஒட்டிக்கொண்டது.

அந்த வியாதிதான் கேரளக் கரையில் கைகொடுத்தது. கடலோரச் செம்பாறை முகடு மழையில் சரிந்து, வேடிக்கை பார்த்து நின்ற ஓர் அக்காளும் தம்பியும் அதோடு கீழே போய்விட்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆளில்லை தனக்கோடி. கயிற்றில் தொங்கியபடி, கால் வைக்குமுன் பாறையைத் தட்டித் தட்டி இறங்கினான். வேரைப் பிடித்துத் தொங்கிய அக்காளை முதலில் மேலே அனுப்பினான். தம்பியைக் காணவில்லை. கடல் கொண்டுபோயிருக்கும், ஏறி வா என்று மேலிருந்து அதிகாரி கத்தினார்.

அப்போது பாறை திருப்பித் தட்டியது.

அவன் இரண்டு தட்டினான். உள்ளேயிருந்தும் இரண்டு வந்தது. அவன் ஏறவில்லை. சத்தம் வந்த பக்கமே நகர்ந்து வெறுங்கையால் மண்ணைப் பறித்தான். பொந்து ஒன்றுக்குள் பையனின் முகம் தெரிந்தது. மூச்சு இருந்தது. அவனைத் தன்னோடு கட்டி மேலே கொண்டுவந்ததும் அந்தச் சரிவு மொத்தமும் கடலில் விழுந்தது. பேப்பரில் வந்தது இவ்வளவுதான்.

மிச்சத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னான். பேக்கிங் கொட்டகையில் அவள் அகலைத் தட்டும்போதெல்லாம் அவன் உடம்பு தூக்கிப்போடுவதைப் பார்த்து, என்னடா என்று அவள்தான் கேட்டாள்.

"எம்மா, அந்தப் பையன் கழுத்து வரைக்கும் பொதைஞ்சு கெடந்தான். கை ரெண்டும் மண்ணுக்குள்ள. நெனவே இல்ல. அவன் எப்பிடித் தட்டியிருப்பான்?"

"கல்லு உருண்டிருக்கும்டா. ரெண்டு உசுரக் காப்பாத்திட்ட, அத நெனச்சிக்க." சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் மனசு ஆறவில்லை. "அவனத் தூக்குன பொறவு சத்தம் நின்னுடுச்சு இல்ல?"

அவள் கையிலிருந்த அகலையே பார்த்தான் தனக்கோடி.

"நிக்கலம்மா. கயிறு மேல ஏற ஏற வேகமா தட்டுச்சு. வேற யாருமே வுழலன்னு எல்லாரும் சொல்றாங்க. யாரோ இருந்தாங்கம்மா. நான் வுட்டுட்டு வந்துட்டேன்."

எதிரே சூளை வாய் மூடி ஆறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அன்று பெட்டியில் அடுக்கிய அகல்களில் ஒன்றைக்கூடக் கமலம் தட்டிப் பார்க்கவில்லை.