சாயாத இறக்கை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ஜன்னல்' என்றுதான் பெயர். கடல் ரோந்து விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அலைகளைப் பார்ப்பதே வேலையாக இருந்தவர். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் என்று கிண்டல் செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். கோபமே வராத மனிதர். எனக்கு வருகிற கோபத்தில் பாதியாவது அவருக்கு வந்திருக்கலாம்.

அந்த விமானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழுதாகி நிற்கும் படகைக் கண்டால், தாழப் பறந்து இறக்கையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். பார்த்துவிட்டோம், படகிலேயே இருங்கள், ஆள் வரும் என்று பொருள். படகுக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே ஜன்னல்தான். அவருடைய தங்கை கணவரும் படகுக்காரர். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவருக்குப் பாடம் நடக்கும்.

"இறக்கை சாஞ்சா படகை விட்டு இறங்காதீங்க மாப்பிள்ளை. சாயலைன்னா நாங்க பாக்கலைன்னு அர்த்தம். அப்புறம் உங்க வழிய நீங்கதான் பாத்துக்கணும்."

"மேல நீங்க இருக்கும்போது எனக்கென்ன மச்சான்? நான் சிகரெட் பத்த வெச்சாக்கூட உங்க தங்கச்சிக்குச் சேதி போயிடும்."

பிறகு ஆளில்லா விமானங்கள் வந்தன. பழைய விமானத்தின் இருக்கைகளைக் கழற்றி, ராணுவத்துக்குச் சாமான் ஏற்ற அனுப்பிவிட்டார்கள். ஜன்னலை, ஜன்னலே இல்லாத ஓர் அறையில் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலி எனக்கு. கேமரா பிரமாதம், பொய் சொல்லக் கூடாது. படகில் காயப்போட்ட சட்டையின் நிறம்கூடத் தெரியும். ஆனால் இனிமேல் இறக்கை சாயாது என்பதைக் கரையில் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காற்று பலமாக இருந்த ஒரு மத்தியானம், கரை திரும்பாமலிருந்த மாப்பிள்ளையின் படகு திரையில் வந்தது. எஞ்சின் நின்றுபோய் மிதந்துகொண்டிருந்தது. மூன்று பேர் துணியை வீசிக் காட்டினார்கள். மீட்புக் கப்பலுக்கு உடனே சொல்லியாயிற்று. ஜன்னலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கொஞ்சம் சாய்ச்சுக் காட்டும்மா," என்றார், அதே அறையிலிருந்து விமானத்தை இயக்கிய பெண்ணிடம்.

"சாய்ச்சா கேமரா படகைத் தவறவிட்டுரும் சார். இந்த அலையில மறுபடி பிடிக்கிறது கஷ்டம். மேலிடத்துல கேட்டுடறேன்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. கேட்டாள். பதில் வரவில்லை. மாப்பிள்ளை துணியைக் கீழே போட்டார். வானத்தை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். தூரத்தில் நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பலை மற்றவர்களுக்குக் கையால் காட்டினார். காலி கேன் ஒன்றை எடுத்து இடுப்பில் கட்டத் தொடங்கினார்.

"வேண்டாம் மாப்பிள்ளை," என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார் ஜன்னல். "பாத்துட்டேன். நான் பாத்துட்டேன்."

மாப்பிள்ளை கடலில் குதித்த பிறகுதான் அனுமதி வந்தது. அந்தப் பெண் விமானத்தைத் தாழ இறக்கி இறக்கையைச் சாய்த்தாள். படம் அலைபாய்ந்து மறுபடி படகுக்கு வந்தபோது, மற்ற இருவரும் எழுந்து நின்று, நீந்திப் போகிறவரைக் கையாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காற்றில் சத்தம் போய்ச் சேரவில்லை போலும். அவர் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அலைகளுக்கு நடுவே கேன் மட்டும் தெரிந்தது.

மீட்புக் கப்பல் இரண்டு பேரைக் கொண்டுவந்தது.

தங்கை வீட்டுக்கு நானும் கூடப் போனேன். ஜன்னல் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு யார் கழுத்தையாவது பிடித்து நெரிக்க வேண்டும் போலிருந்தது. யார் கழுத்தை என்றுதான் தெரியவில்லை. தங்கை அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நீ அவரைப் பாத்தியாண்ணா?"

"பாத்தேம்மா. கடைசி வரைக்கும் பாத்தேன்."

"அப்போ, யாருமே பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டேதான் போனாரா?"

"ஆமாம்மா," என்றார் ஜன்னல்.