மூக்குக்குள் நாவற்பழம்

எனக்கு அப்போது ஏழு வயது. டயகம தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே கூடை மாட்டி நடக்கத் தெரிந்த பிள்ளை நான் ஒருத்திதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கூடையை இறக்கினாள். நான் எடுத்து, கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். கயிறு வழுக்கிக் கண்ணை மறைத்தது. இரண்டு கையும் கயிற்றைப் பிடித்திருந்தன. ஊன்றக் கை இல்லை. மூக்குத்தான் கல்லில் இடித்தது.

ரத்தம் கொட்டியது. பிறகு நின்றது. பக்கத்து வீட்டுச் சித்தி சிரித்தாள்.

"பெரிய ஆளுதான்! நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு, கங்காணிகிட்ட சொல்லி அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேரு போடச் சொல்றேன்."

மறுநாள் இரண்டு பக்கமும் மூக்கு அடைத்தது. யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் மூக்கடைக்காத பிள்ளை ஏது? டிஸ்பென்சரி ஐயா வெளியே தடவிப் பார்த்தார். எலும்பு உடையவில்லை, சளிதான் என்று பனடோல் மாத்திரை கொடுத்தார்.

அம்மா முந்தானையை என் மூக்கில் வைத்தாள்.

"சிந்துடி."

சிந்தினேன். ஒன்றும் வரவில்லை. போன் டார்ச்சை அடித்து மூக்கு நுனியைத் தூக்கிப் பார்த்தாள். நடுச்சுவரின் இரண்டு பக்கமும் நாவற்பழம் மாதிரி புடைத்திருந்ததாம். பஞ்சைத் திரித்துத் தொட்டாள். மெத்தென்று அமுங்கியது.

"சளின்னா வரணும்ல. இது உள்ள ரத்தம் கட்டியிருக்கு."

விடிந்ததும் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவில்லை. ஹட்டன் பஸ்ஸுக்கு நின்றோம். டிஸ்பென்சரி ஐயா அந்த வழியாக வந்தார்.

"என்னம்மா, சளிக்கெல்லாமா ஹட்டனுக்குப் போற?"

"ஆமாங்கய்யா." அவ்வளவுதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள லேடி டொக்டர். அவருக்குக் கொஞ்சம் தமிழ், அம்மாவுக்குக் கொஞ்சம் சிங்களம். டொக்டரும் லைட் அடித்துப் பார்த்து, பஞ்சால் தொட்டார். மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னதாகக் கீறினார். கறுத்த ரத்தம் கட்டியாக வந்தது. மறுபடி சேராமலிருக்க இரண்டு பக்கமும் துணித்திரி வைத்து அடைத்தார்.

"யாரு பாத்தது இது?"

"நாந்தாங்க."

"நல்லது. இன்னும் விட்டா சீழ் வரும். உள்ள குருத்தெலும்பு கெட்டுரும். மூக்கு உக்காந்துரும்."

பிறகு சிங்களத்தில் ஏதோ சொல்லி, தன் மூக்குத் தண்டில் பெருவிரலை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். அம்மா தலையாட்டினாள். எனக்கு விளங்கவில்லை. அழாததற்கு என்னைத்தான் பாராட்டுகிறார் என்று இருந்துவிட்டேன். மூக்கில் திரியோடு லயம் முழுக்க நடந்து காட்டினேன்.

திரியை எடுத்த பிறகு, தினமும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா என்னை வெளிச்சத்தில் நிறுத்துவாள். டார்ச் அடித்துப் பார்ப்பாள். பெருவிரலால் என் மூக்கை மேலிருந்து கீழே தடவுவாள். நான் முகத்தைத் தூக்கிக் கொடுப்பேன்.

"எங்கம்மாவுக்கு என் மூக்குன்னா உசிரு" என்று சித்தியிடம் பீற்றிக்கொண்டேன்.

என் மூக்கு இன்றைக்கும் நேராகத்தான் இருக்கிறது. எங்கம்மா பார்த்த மூக்கு. பள்ளம் விழுகிறதா என்றுதான் ஒரு மாதம் தடவியிருக்கிறாள்.

ஒரு நாள் காலை தடவிவிட்டு, "இனி பயமில்ல, போ" என்றாள். அதற்குப் பிறகு தடவவில்லை. என்மேல் பிரியம் போய்விட்டதென்று அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.