சும்மா சுற்றிய விசிறி

வேலை செய்யும் இடங்களில் எல்லாம் அவருக்குக் ‘கன்சீல்டு’ என்றுதான் பெயர். முப்பது வருஷமாக எலக்ட்ரீஷியன். ‘கன்சீல்டு வயரிங்’ என்றால் வயர் சுவருக்குள் மறைந்து ஓட வேண்டும், வெளியே ஒரு விரற்கடை தெரிந்தாலும் அது வேலையே இல்லை என்று நினைக்கிற ரகம். கொத்தனார் பூசிவிட்டுப் போன சுவரை வெட்டி, குழாய் பதித்து, வயரை இழுத்து, மறுபடி பூசி, “எங்க ஓடுதுன்னு கண்டுபிடி பாக்கலாம்” என்று இடுப்பில் கை வைத்து நிற்பார். அதுவரைக்கும் சரி. அந்த வேலையில் ஒரு சின்னக் கோளாறு என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் தொலைந்தது. “முப்பது வருஷம் இந்த வயரோடயே குப்பை கொட்டினவன்கிட்ட சொல்றியா?” என்று ஆரம்பித்தால், கோளாறு சொன்னவர்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

வீட்டில் மூன்று பேர். அவர், துணி தைக்கும் கம்பெனியில் காலர் தைக்கிற மனைவி, இருபத்தோரு வயதில் ஒரே மகன். மகன் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்த்தான். பெட்டியை எடு, அதன் பார்கோடை மிஷினுக்குக் காட்டு, பெல்ட்டில் வை. காலையில் போய் மூன்று மணிக்கு வந்துவிடுவான். வந்தால் சாப்பிடுவான், படுப்பான், போனைப் பார்ப்பான். சாப்பிட்டாயா என்றால் “ம்”. உடம்பு சரியில்லையா என்றால் அதற்கும் “ம்”. அந்த இரண்டு “ம்”முக்கும் நடுவே வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெற்றவளாலேயே முடியவில்லை.

“குடிச்சிட்டு வந்து கத்தினாக்கூட வீட்ல ஒரு புள்ளை இருக்குன்னு தெரியும்ங்க,” என்று ஒருநாள் அவள் சொன்னாள். “இது என்னங்க, வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி?”

“வேலைக்குப் போறான், சம்பளம் தர்றான். வேற என்ன வேணும் உனக்கு?” என்று கன்சீல்டு எரிந்து விழுந்தார். ஆனால் அவருக்கும் அதே கவலைதான். ஒத்துக்கொள்வாரா, மனிதர்?

அந்த வாரம்தான் மகன் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னான்: “அந்த கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுடலாம். இடத்தை அடைக்குது. ஞாயித்துக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கேன்.”

பழைய நாற்காலியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். கன்சீல்டு கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஏனென்றால் அந்த வீட்டில் அவன் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அந்த கம்ப்யூட்டருக்கு முன்னால்தான். அது போய்விட்டால் அந்தப் பிள்ளை திரும்பி வருவதற்கு ஒரு வழியும் மிச்சம் இருக்காது என்று அவருக்குப் பட்டது. சரியோ தப்போ, பட்டுவிட்டது.

கதை என்னவென்றால், நான்கு வருஷத்துக்கு முன்னால் பையன் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஒரு துப்பாக்கி கேமில் கில்லாடி. இன்டர்நெட்டில் டீம் வைத்திருந்தார்கள். படம் மட்டும் விட்டுவிட்டு ஓடியது. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்றான். அப்பா முறைத்தார், கத்தினார், பிறகு வாங்கிக் கொடுத்தார். கையோடு, “நானே மாட்டுறேன், நீ தள்ளு” என்று உட்கார்ந்தும் விட்டார். மாட்டியதோடு விட்டாரா? வயர் வெளியே தெரியலாமா! பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, கம்ப்யூட்டரை அதற்குள் வைத்து, மேஜைக்கு அடியில் சுவரோடு சேர்த்து எட்டு ஸ்க்ரூ அடித்தார். மானிட்டர் வயரைப் பிளாஸ்டிக் பட்டிக்குள் ஓடவிட்டு மூடினார். பார்த்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள்.

படம் என்னவோ பழையபடியே விட்டுவிட்டுத்தான் ஓடியது. “அப்பா, பின்னாடி ஒருவாட்டி கழட்டிப் பாத்துக்கட்டுமா?” என்று பையன் கேட்டான். அவ்வளவுதான். “என் வேலையையே செக் பண்றியா? விசிறி சுத்துது பாரு, காதுல விழுதா? கார்டு ஓடுதுன்னு அர்த்தம். கழட்டினே, கையை ஒடைச்சிடுவேன்” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். பையன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு பெரிய போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். கடைசிச் சுற்றில் படம் அப்படியே உறைந்து நின்று, திரும்ப ஓடியபோது பையனின் ஆள் செத்துக் கிடந்தான். மூன்று தடவை இதே கதை. “சிஸ்டம் ஸ்லோடா” என்று அவன் மைக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, கதவருகே நின்ற கன்சீல்டு சும்மா போயிருக்கலாம். போகவில்லை. “ஆட மாட்டாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்! காசைக் கொட்டி கார்டு வாங்கிக் குடுத்தது நானு, குறை சொல்றது நீயா?” என்றார். மைக் திறந்திருந்தது. நான்கு பேரும் கேட்டார்கள், சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் அவனைக் ‘கூடம்’ என்று கூப்பிட்டார்கள். அதுவும் ஒரு வாரம்தான். அப்புறம் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். பையன் மேஜைப் பக்கமே போகாமலானான்.

இப்போது எடைக்குப் போடலாம் என்கிறான். கன்சீல்டு ஒரு சலூனுக்கு வயரிங் செய்த கூலியைத் தனியாக வைத்திருந்தார். சனிக்கிழமை மகன் வேலைக்குப் போனதும் எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி, வயர்களை உருவிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை ஒரு பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். கொஞ்சம் பெரிய கார்டாகப் போட்டுக் கொடுத்தால் பையன் மறுபடி உட்காருவான் என்பது அவர் கணக்கு.

கடையை நடத்துவது முப்பது வயதுப் பெண். கொண்டையில் பேனாவுக்குப் பதில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தாள். கூலி இவ்வளவுதான் இருக்கிறது என்று அவர் சொன்னதும் முகத்தைச் சுளிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

“இந்தக் காசுக்குப் புதுக் கார்டெல்லாம் கனவுலதாண்ணே. பழைய கார்டு ஒண்ணு தேடலாம். ஆனா அதுக்கு உங்க பவர் சப்ளை தாங்காது, அதையும் மாத்தணும். மெமரி ஒண்ணு கூட்டி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா வேகமா எழுந்துக்கும். அது இந்தக் காசுக்குள்ள முடியும்.”

“லோடு பத்தி எனக்கே சொல்றியாம்மா?” என்றார் கன்சீல்டு, பழக்க தோஷத்தில். அவள் சிரித்துவிட்டு, உள்ளே அடைந்திருந்த தூசியை ஊதி எடுத்தாள். பின்பக்கத்தைத் திருப்பியவள் கையை நிறுத்தினாள்.

“அண்ணே, மானிட்டர் வயரை எதுல குத்தியிருந்தீங்க?”

“இதோ, இதுலதான்,” என்று அவர் மேலே இருந்த துளையைக் காட்டினார். “நானே குத்தினது.”

அவள் கீழே இருந்த கார்டைக் காட்டினாள். அதிலும் அதே மாதிரி துளைகள் இருந்தன. கடையிலிருந்து வரும்போது தூசி போகாமல் இருக்க மாட்டி அனுப்பும் கறுப்பு ரப்பர் மூடிகள் மூன்றும் அப்படியே இருந்தன.

“மேல இருக்கிறது மெயின் போர்டோட துளைண்ணே. அதுல குத்தினா படம் வரும், இல்லேங்கல. ஆனா கார்டு வழியா வராது. இன்வெர்ட்டர் வாங்கி வச்சுட்டு லைனை நேரா கம்பத்துல இருந்து இழுத்துக்கிட்ட மாதிரி. கார்டு சும்மா உக்காந்திருந்திருக்கு.”

“விசிறி சுத்திச்சேம்மா.”

“கரண்டு இருந்தா விசிறி சுத்தும்ணே.”

அவள் ஒரு மூடியைப் பிடுங்கி, தன் மானிட்டர் வயரை அங்கே குத்தி, ஏதோ ஒரு கேமை ஓட்டிக் காட்டினாள். ஒரு காடு வந்தது. ஒருவன் ஓடினான். எங்கேயும் நிற்கவில்லை. “தண்ணி மாதிரி ஓடுது பாருங்க. நாலு வருஷப் பழசு, ஆனா ஒரு நாளும் வேலை பாக்கல. புதுசுதான்!” என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அவருக்கு நல்ல சேதி சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள், பாவம். “பேசாம புதுக் கார்டு வாங்கினதா பையன்கிட்ட சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

கூடம் நிஜமாகவே கோணல்தான். கட்டினவர் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சின்ன ஷாக் அடித்தால் கை முதலில் மரத்துப் போகும், வலி அப்புறம்தான் வரும் என்பது அவர் தொழிலில் தெரிந்த விஷயம். வலிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அவள் மெமரியைச் செருகினாள், எஸ்எஸ்டியை மாட்டினாள், காசை வாங்கிக்கொண்டாள், டீ வேண்டுமா என்று கேட்டாள். வலி வரவில்லை. திரும்பும்போது ஆட்டோக்காரர் மேம்பாலம் வழியா, கீழ் ரோடு வழியா என்று மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ‘புதுக் கார்டு போட்டுட்டேன்டா.’ நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை. பையன் உட்காருவான், படம் ஓடும், அப்பா பேரும் நிலைக்கும். சொல்லிவிடுவது என்றே முடிவு செய்தார்.

வீட்டில் பிளைவுட் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரை மேஜை மேலேயே வைத்தார். பக்கத்து மூடியை மாட்டவில்லை. வயர் வளைந்து எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கியது. மனைவி வந்து பார்த்துவிட்டு, “என்னங்க இது, உங்க வேலைதானா?” என்றாள்.

மூன்று மணிக்கு மகன் வந்தான். பையை வைத்தான். மேஜையைப் பார்த்தான்.

“கடைக்குக் கொண்டு போனேன்,” என்றார் கன்சீல்டு. “மெமரி, எஸ்எஸ்டி எல்லாம் போட்டாச்சு. அப்புறம் புதுக் கார்டு...”

மகன் குனிந்து உள்ளே பார்த்தான். “இது பழைய கார்டுப்பா.”

ஆட்டோவில் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தது ஒன்றுக்கும் ஆகவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பழசுதான். கார்டுல ஒண்ணும் இல்ல. நான்தான் வயரை...” தொங்கிக்கொண்டிருந்த வயரைக் கையால் காட்டினார். “மானிட்டர் வயரை நான் தப்பா குத்தியிருக்கேன்டா. அன்னிக்கே. கார்டுல குத்த வேண்டியதை போர்டுல குத்திட்டேன். கார்டு ஒரு நாளும் ஓடவே இல்ல. நீ சொன்னது சரி.”

“தெரியும்பா.”

கன்சீல்டு நிமிர்ந்தார். கதவருகே மனைவியும் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன தெரியும்?”

“அந்த மேட்ச் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். நீ வேலைக்குப் போயிருந்தே. கழட்டிப் பாத்தேன். மூடிகூட எடுக்கல. ஒண்ணை எடுத்து வயரைக் குத்தி ஓட்டினேன். நல்லா ஓடிச்சு. ஒரு மணி நேரம் தனியா ஆடினேன்.” கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். “அப்புறம் பழையபடியே குத்தி, மூடியையும் மாட்டி, எட்டு ஸ்க்ரூவும் போட்டுட்டேன்.”

“அட பாவி, ஏன்டா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!”

“சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?”

கன்சீல்டு வாயைத் திறந்தார். எந்தப் பேச்சுக்கும் பேச்சு வைத்திருக்கிற வாய் அது. அந்த நாளை நினைத்துப் பார்த்தார். வேலை முடிந்து வந்து நிற்கிறார், பையன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, வயர் தப்பா இருக்குப்பா என்கிறான். தான் என்ன சொல்லியிருப்போம் என்பது அவருக்கு எழுத்துக்கு எழுத்து கேட்டது. கத்துகிற சத்தத்தோடு கேட்டது.

“நீதான் நோண்டி மாத்தி வச்சுட்டேன்னு சொல்லியிருப்பேன்,” என்றார்.

“ம்,” என்றான் மகன். இந்த “ம்”முக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் புரிந்தது, அவன் அம்மாவுக்கும் புரிந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தப்பு என்னோடதுடா. எல்லாமே என்னோடது. உன் ஃபிரண்டுங்க முன்னாடி அப்படிப் பேசினேன் பாரு, அதுவும். ரெண்டு வார்த்தை திட்டிடுடா. கத்தினாலும் பரவாயில்ல.”

மகன் அவரைப் பார்த்தான். வெகுநாள் கழித்து நேராகப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. தனக்குள்ளேயே எதையோ தேடிப் பார்க்கிறவன்போல நின்றான்.

“கோபம் வரலப்பா,” என்றான். “அப்ப ரொம்ப இருந்துச்சு. இப்ப எதுவுமே வர மாட்டேங்குது. வந்தா சொல்றேன்.”

“சொல்லு,” என்றார் கன்சீல்டு. “எப்ப வந்தாலும் சொல்லு. நான் கேட்டுக்கறேன்.”

“ம்,” என்று சொல்லிவிட்டு மகன் கை கழுவப் போனான். அம்மா சாப்பாடு எடுத்து வைத்தாள்.