பஞ்சுவின் அண்ணன்

எங்கள் ஆய்வு மையத்தில் அவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவோம். குரல் அத்தனை மெது. "பஞ்சு போன்ல பேசினா சார்ஜே இறங்காது" என்று மையத்து டிரைவர் ஓட்டுவார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஆனால் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் எங்கள் வேலைக்கு அந்தக் குரல் ஒரு வரம். சின்ன வயதில் அடியும் கொடுமையும் பட்டவர்களுக்கு, வளர்ந்த பிறகு மனசு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் பயப்படுகிறார்களா என்பதுதான் ஆய்வு. என்னிடம் கதவைச் சாத்தியவர்கள்கூட அவள் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

இரண்டிரண்டு பேராகப் போவோம். அவளுக்கு ஜோடி நான். எல்லாக் கேள்வியையும் நிறுத்தி நிதானமாகக் கேட்பவள், "யாராவது உங்களை அறையிலயோ அலமாரியிலயோ அடைச்சு வெச்சிருக்காங்களா?" என்ற ஒன்றை மட்டும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவாள். லிஃப்டில் ஏற மாட்டாள், எத்தனை மாடியானாலும் படிதான். "உடம்பு குறையட்டும்க்கா" என்பாள். குறைய அவள் உடம்பில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அவளுடைய அண்ணன் வந்தார். கம்பெனியில் ஏதோ பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள், மனைவியையும் சின்ன மகனையும் ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார். தங்கச்சி வீட்டில்தான் தங்கல் என்று அவர்களுடைய அம்மா போனிலேயே முடிவு செய்துவிட்டார். பஞ்சுவின் கணவருக்கு அச்சகத்தில் ஷிப்ட் வேலை, ஒரே மகள் பாப்பா பள்ளிக்குப் போகிறாள். மச்சான் என்றால் அவருக்கு உயிர். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மெத்தையை உதறிப் போட்டதே அவர்தானாம்.

பஞ்சு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக ஆரம்பித்தாள். பஸ்ஸில் பின்னால் யாராவது இருமினால் தூக்கிப் போட்டது அவளுக்கு. ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் கேட்டேன்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. அண்ணன் வந்திருக்கார்."

"வந்தா சந்தோஷம்தானே?"

கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு அண்ணன் அவளைத் துணி அலமாரிக்குள் தள்ளி, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாராம். எவ்வளவு நேரம் தாங்குகிறாள் என்று பார்ப்பாராம். தட்டினாலோ அழுதாலோ திரும்ப முதலிலிருந்து. வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் மறுபடி உள்ளே. அவளுக்கு ஏழு வயதில் தொடங்கியது, அவர் ஹாஸ்டலுக்குப் போகும்வரை நடந்தது.

"அம்மாட்ட சொல்லலையா?"

"சொன்னேன். அண்ணன் தங்கச்சின்னா விளையாட்டு, சண்டை எல்லாம் இருக்கத்தான் செய்யும்னாங்க. அவர்கிட்டயும் போய்க் கேட்டுட்டாங்க. மறுநாள் ரொம்ப நேரம் உள்ள இருந்தேன்."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"என்னன்னு சொல்றதுக்கா? வாய்விட்டுச் சொன்னா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

வேலையில் சேர்ந்த புதிதில் ஆய்வை நடத்தும் எங்கள் டாக்டரம்மா சொன்னதை நினைவுபடுத்தினேன். "அப்பா அடிச்சா கொடுமைங்கறோம், அண்ணன் அடிச்சா சண்டைங்கறோம். அடி வாங்கற பிள்ளைக்கு எல்லாம் ஒரே வலிதான்." பஞ்சு தலையாட்டினாள். பஸ் வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு தையல்காரர் வீட்டில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. கணவர்தான். பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து மதியமே பிள்ளைகளை அனுப்பிவிட்டார்களாம். "நீ கவலைப்படாதே. மச்சானுக்கு இன்னிக்கு லீவு. அவரே போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டார்."

பதில்களைப் பதியும் டேப்லெட்டைத் தையல்காரரின் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். நான் ஏதோ சாக்குச் சொல்லி அதை வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். டாக்ஸியில் அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். சிக்னலில் வண்டி நின்றபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் தோலில் பதிந்தது.

"பாப்பாவுக்கு ஏழு முடிஞ்சிருக்குக்கா" என்றாள்.

டிரைவரிடம் குறுக்கு வழியில் போகச் சொன்னேன்.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. முன்னறையில் பள்ளிக்கூடப் பையும் ஒற்றை ஷூவும் கிடந்தன. மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. படுக்கையறையில், துணி அலமாரியின் கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார் அண்ணன். நரைத்த மீசை, சட்டைப் பையில் கண்ணாடி. பார்த்தால் சாது.

"வாங்க, வாங்க" என்றார் என்னிடம். "சும்மா விளையாடிட்டிருக்கோம். பாப்பா கெட்டிக்காரி, சத்தமே காட்டல."

அலமாரிக்குள்ளிருந்து ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை. பஞ்சு அவர் எதிரில் போய் நின்றாள்.

"எந்திரிங்கண்ணா."

"இரு, இன்னும் கொஞ்ச நேரம்."

"எந்திரிங்க."

அவர் சிரித்தபடி எழுந்தார். அவள் கதவைத் திறந்தாள். தொங்கும் துணிகளுக்கு அடியில் குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்தும் அழவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்து, நடுங்கும் உதட்டை இழுத்துப் பிடித்துச் சிரித்தது.

பஞ்சு அப்படியே மண்டியிட்டுப் பிள்ளையை அள்ளினாள். "சிரிக்க வேணாம்டா கண்ணு. சிரிக்க வேணாம்."

"நீ இன்னும் அதே பயந்தாங்கொள்ளிதான்" என்றார் அண்ணன். "சின்ன வயசுல நாம விளையாடாததா?"

"நான் விளையாடல. நீங்க விளையாடினீங்க. கிளம்புங்க."

துணைக்கு வருவேன் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்தார். நான் அவருடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தேன். அவர் போன பிறகும் பஞ்சு பிள்ளையைக் கீழே இறக்கவில்லை. தாழ்ப்பாளை நான்தான் போட்டேன்.

சாயங்காலம் வந்த கணவர் முதலில் குதித்தார். "மச்சானைப் போய் இப்படியா அனுப்புவே?" குழந்தைதான் குறுக்கே சொன்னது: "அழுதா திரும்பவும் உள்ளன்னு மாமா சொன்னாரு." மனிதர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அலமாரிக் கதவுகளைக் கழற்றி மாடியில் போட்டார். பஞ்சுவின் அம்மா போனில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் போய்விட்டால் பயமும் போய்விடும் என்று நான் நினைத்தேன். அது அதிகமாகத்தான் ஆனது. பாப்பா குளிக்கப் போனால் குளியலறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும். பஞ்சுவுக்குப் பஸ்ஸிலேயே மூச்சு அடைத்தது. டாக்டரம்மா அவர்கள் இருவரையும் தனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் அனுப்பினார். இன்னும் வாராவாரம் போகிறார்கள். பாப்பா தேறி வருகிறாள். பஞ்சு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள், மாத்திரையோடு.

போன மாதம் அண்ணனின் மனைவி அவளைக் கூப்பிட்டார். அதிகம் பேசிப் பழக்கமில்லாதவர். நலம் விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார், மறுபடியும் நலம் விசாரித்தார். பஞ்சு வைக்காமல் காத்திருந்தாள்.

"நீ வேலை பாக்கற எடத்துல சின்னப் பிள்ளைங்களையும் பாப்பாங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"பாக்கற டாக்டரைத் தெரியும் அண்ணி. எப்ப வர்றீங்க?"

"அவர் வந்துட்டார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு பஞ்சு போட்ட போன்களை யாரும் எடுக்கவில்லை. நேற்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். குழந்தைகள் பாதுகாப்புத் துறையிடம் அவரே பேசினார். இன்று அங்கிருந்து இரண்டு பேர் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள். பஞ்சுவும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். "பயமா இல்லையா?" என்று கேட்டேன். "இருக்குக்கா, ரொம்ப இருக்கு" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.