மொட்டை போட்ட பொமரேனியன்

பென்னாகரம் கடைவீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த குப்புராஜ், எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் பெங்களூருக்கு பிலிம் ரோல் வாங்கப் போனவர், மூடிபோட்ட மூங்கில் கூடை ஒன்றோடு பஸ்ஸைவிட்டு இறங்கினார். கூடை குரைத்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடியே பின்னால் வந்தார்கள்.

"பிலிமு வாங்கப் போன மனுசன் என்னாத்த வாங்கியாந்தீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி தீர்த்தம்மாள்.

மூடியைத் திறந்தார். வெடித்த இலவம்பஞ்சு காற்றுக்கு எழும்புகிற மாதிரி ஒன்று எழும்பி வெளியே குதித்தது. உடம்பெல்லாம் வெள்ளை மயிர். கழுத்தைச் சுற்றிப் பிடரிபோல் இன்னும் அடர்த்தி. நரி முகம். கரிக்கட்டை மூக்கு. விறைத்த சின்னக் காதுகள். வால் பின்னால் தொங்காமல் மடங்கி முதுகின்மேல் விசிறியாகக் கிடந்தது. கூடியிருந்த அத்தனை பேரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, அத்தனை பேரையும் சேர்த்துக் குரைத்தது.

"பொமரேனியன்" என்றார் குப்புராஜ், தானே பெற்றெடுத்த மாதிரி. விற்றவன் சொன்ன சரித்திரத்தை அப்படியே ஒப்பித்தார். இதன் பாட்டன் முப்பாட்டனெல்லாம் பனி கொட்டும் வடக்குச் சீமையில் வண்டி இழுத்த பெரிய நாய்கள். ஆட்டுமந்தைக்குக் காவல் நின்றவை. பிறகு இங்கிலாந்து மகாராணி ஒருத்தி இதில் குட்டை ரகத்தின்மேல் ஆசை வைக்க, சீமாட்டிகள் எல்லாரும் வைக்க, மடிக்கு அடங்குகிற அளவுக்குச் சிறுத்துப்போனது. வெள்ளைக்காரன் கூடவே கப்பலேறி வந்து, அவன் போனபிறகும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டது.

"ஆட்டுக்காவல் நாயா? நம்ம சாதிதான்" என்றாள் தீர்த்தம்மாள். அவள் பிறந்த வீட்டில் கம்பளிக்கு மயிர் வெட்டுகிற குறும்பாடு ஒரு பட்டி உண்டு.

ஸ்டூடியோ நாய் என்பதால் பிளாஷ் என்று பெயர் வைத்தார். தீர்த்தம்மாள் வாயில் அது பிளாசு ஆனது. பங்களா வரைந்த திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்துப் பக்கத்தில் படம் எடுக்க வந்தவர்களின் குழந்தையை நிறுத்தி எடுத்த முதல் படம் ஸ்டூடியோ கண்ணாடியில் ஏறியதும் கூட்டம் பிய்த்துக்கொண்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த வெள்ளை, விளக்கு வைத்த மாதிரி தெரியும். ஏரியூரிலிருந்தெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நாயி இருக்குதுங்களா?" என்று கேட்டபடி படியேறினார்கள்.

நாயின் குணம்தான் வேறு மாதிரி. தன் உடம்பு சின்னது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. தபால்காரர், லாரி, கோயில் மாடு எதையும் விடாது. குப்புராஜ் வாங்கிவந்தார், குப்புராஜ் பெயர் வைத்தார். அது தீர்த்தம்மாளின் பின்னாலேயே திரிந்தது. அடுப்படி, கிணற்றடி, அவள் கால் போகும் இடமெல்லாம் போகும். அவள் ஒருநாள் பிறந்தவீடு போனால் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது. "வேற வேலையில்ல இதுக்கு" என்று அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே அதற்குத் தயிர் ஊற்றிப் பிசைவாள்.

பங்குனி வந்தது. தகரக் கூரை காய்ந்து, நாய் நாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர்த் தொட்டியடியிலேயே கிடந்தது. தீர்த்தம்மாளுக்குத் தாங்கவில்லை. மயிருள்ள உயிருக்கு வெயில் காலத்தில் என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியாதா? குப்புராஜ் சேலம் போன நாளில், ஆட்டுக்கு மயிர் வெட்டுகிற மாதுவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

மாது கத்தரியோடு வந்து உட்கார்ந்து நாயை ஒருதரம் புரட்டிப் பார்த்தான். "அக்கா, இது ஆடா நாயான்னு கத்தரிக்குத் தெரியாது. ஒட்ட வெட்டிடவா?"

"ஒட்டவே வெட்டு. காத்துப் படட்டும்."

வெட்டி முடித்தபோது தரையில் ஒரு நாய் அளவுக்கு மயிர் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெருச்சாளி அளவுக்கு நாய் நின்றது. ரோஜா நிறத்தோல், குச்சிக்கால், எலும்பு வால். "உள்ள இவ்ளோதான் இருந்திச்சா?" என்றான் மாது. நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

சாயங்காலம் வந்த குப்புராஜ் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"ஏன்டி, எங்க நாயி?"

"அதாங்க அது. வெயிலுன்னு..."

"ஆட்டுக்காரன் மவள கட்டுனனே, என்னைச் சொல்லணும்." வேறு எதுவும் கத்தவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல் வெளியே போய்விட்டு வந்து சொன்னார்: "தொப்பூர் லாரிக்காரன் பெரியண்ணனுக்கு ஆள்விட்டுச் சொல்லியிருக்கேன். லாரி செட்டுக்குக் குரைக்க ஒரு நாயி கேட்டிருந்தான். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து புடிச்சிக்குவான். இதுக்கு இனி குரைப்பு ஒண்ணுதான் மிச்சம்."

லாரி நிறுத்துகிற கொட்டகை என்றால் டீசலும் இரும்புச் சங்கிலியும். தீர்த்தம்மாள் வைத்த குழம்பில் இரண்டு நாளும் உப்பு கூடியது.

ஞாயிறு காலை பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குலதெய்வம் கோயிலில் மூன்று வயது மகளுக்கு மொட்டைபோட்டு, காது குத்தி, அப்படியே போட்டோவுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். சந்தனம் பூசிய தலையைத் தடவித் தடவி அந்தக் குழந்தை வீறிட்டது. தலையில் இருந்தது எங்கே என்று அதற்குக் கேள்வி. குப்புராஜ் கிலுகிலுப்பை ஆட்டினார், மிட்டாய் காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை.

"வெள்ள நாயி இருக்குதுன்னாங்களே" என்றாள் தாய்.

"நாயி ஊருக்குப் போயிருக்கு" என்றார் குப்புராஜ்.

உள்ளே இதைக் கேட்டுக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் குனிந்து, கட்டிலடியிலிருந்து நாயை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் நடந்தாள். குப்புராஜ் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"இங்க பாரு கண்ணு, இவனுக்கும் மொட்ட. நேத்துவரைக்கும் அழுதான். இன்னிக்கு அழுவுறானா பாரு."

குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. நாயைத் தொட்டது. தன் தலையைத் தொட்டது. மறுபடி நாயைத் தொட்டு, "மொட்ட" என்று சொல்லி, விக்கலோடு சேர்த்துக் கடகடவென்று சிரித்தது. தீர்த்தம்மாள் இரண்டையும் ஸ்டூலில் சேர்த்து உட்காரவைத்து, ஓடிப்போய்க் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று "பிளாசு" என்றாள். நாய் நிமிர்ந்தது, குழந்தையும் நிமிர்ந்தது. குப்புராஜ் அமுக்கிவிட்டார்.

மத்தியானமே பிரிண்ட் போட்டுக் கண்ணாடியில் மாட்டினார். இரண்டு மொட்டை, ஒரே முழி. கடைவீதி நின்று பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர், "எம் பேத்திக்கு வைகாசியில மொட்டங்க. நாயி அதுவரைக்கும் இப்பிடியே இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் பெரியண்ணன் சங்கிலியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "எங்கண்ணா நாயி?"

குப்புராஜ் தொண்டையைச் செருமினார். "அது உனக்கு உதவாதுய்யா. சுத்த சோம்பேறி. திருடன் வந்தா கையை நக்கும். வாயே தொறக்காது."

அதற்குள் பிளாஷ் உள்ளிருந்து பாய்ந்து வந்து, பெரியண்ணனின் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு, கவ்விய வாயோடேயே உறுமியது, விட்டுவிட்டுக் குரைத்தது, மறுபடி கவ்வியது.

"இதுவாண்ணா வாயத் தொறக்காதது?"

"புது ஆளு இல்லியா. வெளையாடுது."

தீர்த்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். "காப்பி போடறேன், குடிச்சிட்டுப் போங்கண்ணா" என்றாள்.

பெரியண்ணன் இரண்டு காலையும் பெஞ்சின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு காப்பிக்குக் காத்திருந்தான்.