நான்கு முறை வரும் வரி

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்கள் நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "ஸ்டெல்லா சிஸ்டர் போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." உடனே மகளின் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தபோது, விவேக் நகர்க்காரரான ஸ்டெல்லா சிஸ்டர்தான் பச்சிளங்குழந்தைகள் வார்டில் செவிலியர். அவ்வளவு சின்ன உயிர்கள் சில நேரம் மூச்சு விட மறந்துவிடும். மானிட்டர் கத்தும். சிஸ்டர் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டுவார். சுண்டும்போதெல்லாம் "மூச்சு விடு கண்ணே" என்பார். நான் அழுதால், "ஏம்மா, மெஷின் கத்துறது பத்தாதா? நீ வேற என்னாத்துக்கு சைரன் போடுற?" என்பார்.

'மூச்சு விடு கண்ணே' என்ற அந்தச் சொற்களிலிருந்துதான் அவருடைய ஒரே கவிதை பிறந்தது. எங்கள் தமிழ்ச் சங்கக் கவியரங்கில் அதை வாசித்தார். செயலாளர் மேடையிலேயே சிரித்தார்: "சிஸ்டர், ஒரே லைன் நாலு தடவ வருதே. ஒண்ணு போதாதா?"

"உங்களுக்கு ஒரு தடவ மூச்சு விட்டா போதுமா சார்?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

இப்போது முப்பதாம் நாள் பூசைக்குச் சங்கம் அச்சடித்த நினைவு அட்டை கைக்கு வந்திருக்கிறது. படம் பெரிது, பூ பார்டர் அதைவிடப் பெரிது. கவிதையில் அந்த வரி ஒரே ஒரு முறை. செயலாளருக்குப் போன் செய்தேன்.

"ரிப்பீட் ஆச்சுன்னா பிரிண்டிங் மிஸ்டேக்னு நெனப்பாங்கம்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, கொஞ்சம்தானே."

செயலாளருடைய பெயர் மட்டும் அட்டையில் இரண்டு இடத்தில் இருக்கிறது.

எதை அட்ஜஸ்ட் செய்துகொள்வது? அந்த வரியின் மேல்தான் கவிதையே நிற்கிறது. இடையில் வரும் அடிகள் நான்கு சீர், மூன்று, இரண்டு, ஒன்று எனத் தேய்ந்துகொண்டே போகும். சொல்ல இருப்பதெல்லாம் தீர்ந்துவிடுகிறது. கெஞ்சுவது மட்டும் தீரவில்லை. 'மூச்சு' என்பதன் நெடிலில் விரல் சுண்டும். 'கண்ணே' முடிந்ததும் காத்திருக்கும், மூச்சு வருகிறதா என்று. சொற்கள் அதேதான், பயம்தான் ஒவ்வொரு முறையும் கூடுகிறது. அதில் மூன்றை நீக்கியவர், அந்த உள்ளங்காலை மூன்று முறை சுண்டாமல் விட்டவர். அப்படித்தான் நான் சொல்வேன்.

மறுபடி அச்சடிக்க மாட்டார்களாம். அதனால் இந்த இதழின் ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்: என் கட்டுரையில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். இதைத் தொடாதீர்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கண்மூடிக் கிடப்பவளே,
மூச்சு விடு கண்ணே.
வாசலிலே உன்னம்மா காத்திருக்கா,
மூச்சு விடு கண்ணே.
விடிஞ்சிருச்சு பாரு,
மூச்சு விடு கண்ணே.
கண்ணே,
மூச்சு விடு கண்ணே.

பூசை முடிந்ததும் உங்கள் கல்லறையில் இதை முழுசாக வாசிப்பேன், சிஸ்டர். யார் முகம் சுளித்தாலும் சரி. மகளும் வருவாள். நடந்து வரச் சொன்னால் கேட்கிறவளா? ஓடித்தான் வருவாள், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. அந்தச் சத்தத்தோடு உங்களை வழியனுப்புகிறோம்.